இரண்டு கயிறு, ஒரு குடை

அத்தியாயம் மூன்று

சுங்க அதிகாரி சித்தி பரீதா ஓய்வு பெற்ற அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களும் சந்தோசத்தில் சங்கு ஊதின என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய். இரண்டு கப்பல்கள்தான் ஊதின. மூன்றாவதில் சங்கு பழுது.

சுங்கத்தில் முப்பத்தொரு வருடம் பிறத்தியார் பெட்டிகளைத் திறந்த கை, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க மறுத்துவிட்டது. ஆகவே உட்துறைமுக வீதியில் ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு கதிரைகள், 'தனியார் விசாரணை' என்று ஒரு பலகை. மூன்றாவது கதிரை கிடையாது. உதவியாளர் றுவைஸ் தன் ஓட்டோவைக் கதவோரம் நிறுத்தி அதிலேயே இருந்துகொள்வார். நிலாவெளி பஸ்ஸில் இருபது வருடம் கொண்டக்டராக இருந்தவர். ஆள் இறங்கிவிட்டார், வாய் இன்னும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு, டவுனில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் வாசலில் படுத்திருந்த ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு தகரப் பெட்டி. பெயர் புஸ்பராணி. நிலாவெளியில் கரைவலை இழுப்பவர்களுக்குத் தேத்தண்ணியும் வடையும் விற்பவள்.

"என்ர மகன் என்னோட கதைக்கிறானில்லை, மேடம். ரெண்டு நாளாச்சு."

"வளர்ந்த பொடியன் தாயோட கதைக்காட்டி அதுக்குப் பேர் காதல்," என்றார் றுவைஸ், ஓட்டோவுக்குள் இருந்தபடி. "அதுக்கு எங்களிட்ட வரத் தேவையில்லை."

"பாஸ்போட் காணாமப் போச்சு."

றுவைஸ் வாயை மூடினார். இப்படி மாதத்துக்கு ஒரு தடவை நடக்கும்.

புஸ்பராணி சொன்னது இவ்வளவுதான். மகன் இராகுலனுக்கு ஓமானில் கிரேன் வேலை. ஞாயிறு இரவு விமானம். புதன் காலை டவுனில் ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு நேரே கரைக்கு வந்தான். வலை கடலில் கிடந்தது. கயிறு பிடிக்கப் போகிறவர்கள் போன், மணிக்கூடு எல்லாவற்றையும் ஒரு பெயின்ற் வாளியில் போட்டு மூடி, நட்டநடுவில், மண்டாடியின் குடைக்குக் கீழே வைப்பது அந்தக் கரையின் வழக்கம். இழுப்பவர்களுக்கு எப்போது இழு, எப்போது நில் என்று கைகாட்டுகிறவர் மண்டாடி. அவர் அந்த இடத்தை விட்டு அசைவதில்லை. ஆகவே வாளிக்கும் காவல் வேண்டியதில்லை. இழுத்து முடித்து வாளியைத் திறந்தபோது பதினாலு போனும் இருந்தன. பாஸ்போட் இல்லை.

"வாளிக்குக் கிட்டப் போனது ஆர்?" என்றார் பரீதா.

"நான் மட்டும்தான். மண்டாடி அண்ணைக்குத் தேத்தண்ணி குடுக்கப் போனனான். அதுதான் இப்ப கரை முழுக்கக் கதை. போகாதையடா எண்டு நான் அழுதது எல்லாருக்கும் தெரியும். ஒரே பிள்ளை. தாய்க்காரிதான் ஒளிச்சுப்போட்டாள் எண்டு சொல்லுகினம். அவனும் அப்பிடித்தான் நினைக்கிறான்."

"எடுத்தனீங்களோ?"

"எடுத்திருந்தா எரிச்சிருப்பன், மேடம். ஒளிச்சு வைச்சுக்கொண்டு இருக்கமாட்டன்."

பரீதா இதைக் கொப்பியில் எழுதிக் கீழே கோடிட்டார். சுங்கத்தில் அவரிடம் இப்படி முகத்துக்கு நேரே பேசியவர்கள் இரண்டே பேர். இருவரையும் போகவிட்டார். அவர்களில் ஒருவரிடம் மட்டும்தான் கடத்தல் சாமான் இருந்தது.

"வேற ஏதும் காணாமப் போனதோ?"

"இல்லை. ஸெய்னுதீன் நானா, தான் வாளிக்குள்ள போட்ட கிளினிக் கொப்பியைக் காணேல்லை எண்டார். சீனி வருத்தக் கொப்பி. அது ஒரு பெரிய விசயமில்லை."

பரீதா பேனையைக் கீழே வைத்தார். "அதுதான் பெரிய விசயம். றுவைஸ், ஓட்டோவை எடுங்க."

"மான் படுத்திருக்கு."

"எழுப்புங்க."

"மேடம், இந்த ஊரில மானை எழுப்பின ஆள் ஒருத்தரும் இல்லை. சுத்தித்தான் போகவேணும். ஜும்மாவுக்கு முன்னம் நான் திரும்பவும் வேணும்."

"கள்ளன் சம்மதிச்சா வருவம்."

சல்லிக் கிராமத்துக்குத் திரும்பும் சந்தி தாண்டும் வரைக்கும் றுவைஸ் தன் கொள்கையை விளக்கினார். கள்ளனுக்குச் சீனி வருத்தம். வெளிநாட்டுக்குத் தப்பி ஓட பாஸ்போட் வேண்டும், போகிற இடத்தில் மருந்து எடுக்கக் கிளினிக் கொப்பியும் வேண்டும். முன்யோசனை உள்ள கள்ளன். போனை ஏன் விட்டான் என்றால், போனில் நேரம் போகும், நேரத்துக்குக் குளிசை போட ஏலாது. பின் இருக்கையில் புஸ்பராணி இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டாள்.

கரையில் வலை வளைத்தாயிற்று. முப்பது பேர். வடக்கே ஒரு கயிறு, தெற்கே ஒரு கயிறு, கடலுக்குள் அரைவட்டமாக மிதவைகள், அரைவட்டத்தின் கடைசித் தூரத்தில் மீன் விழும் மடி. இரண்டு கயிறுகளுக்கும் நடுவே, ஹொட்டல்காரர் கழித்துவிட்ட பெரிய குடை ஒன்று இரும்புக் குழாயில் நின்றது. குடைக்குக் கீழே மண்டாடி ஆனந்தராசா நின்றார்.

பரீதா முதலில் போனது தெற்குக் கயிற்றின் வால்பக்கம். அங்கே ஸெய்னுதீன் இழுத்துக்கொண்டே கதைத்தார், கதைத்துக்கொண்டே இழுத்தார். இரண்டில் எது தொழில் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

"என்ர கொப்பியை என்னத்துக்குத் தூக்கினவன், மேடம்? எனக்குச் சீனி எவ்வளவு எண்டு பாக்கவோ? கேட்டிருந்தா வாயால சொல்லியிருப்பன்."

"எப்பிடியான கொப்பி?"

"உள்ளங்கை அளவு. மனுசி றெக்ஸின் மட்டை போட்டுத் தந்தவ. பச்சை மட்டை."

பரீதா புஸ்பராணியைப் பார்த்தார். "மகன்ர பாஸ்போட்டுக்கும் மட்டை இருந்ததோ?"

"ஏஜென்சிக்காரர் போட்டுக் குடுத்தவை. அதுவும் றெக்ஸின்தான். ஆனா நல்ல சிவப்பு. வாங்கின உடன எனக்குத்தான் முதல் காட்டினவன்."

"அப்ப நீங்க எடுக்கேல்லை," என்றார் பரீதா. "நீங்க எடுத்திருந்தா ஒண்டைத்தான் எடுத்திருப்பீங்க."

புஸ்பராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு நாளில் 'நீ எடுக்கவில்லை' என்று அவளிடம் சொன்ன முதல் ஆள் இவர்தான். "இதை அவனிட்டச் சொல்லுங்கோ, மேடம்."

"அவன் எங்க?"

"பொலிசுக்குப் போயிற்றான். முறைப்பாட்டுத் துண்டு இல்லாம புதுப் பாஸ்போட் எடுக்க ஏலாதாம். நேற்றும் உதுக்குத்தான் அலைஞ்சவன், கயிறு பிடிக்க வரேல்லை."

மண்டாடியிடம் போனார்கள். ஆனந்தராசாவுக்கு எழுபது வயது. தலையில் துவாய், இடுப்பில் சாரம், முகத்தில் ஒரு நீதவானின் அலுப்பு. ஒருமுறை இவர் கையைத் தூக்கியதும் கடலில் சூரை மீன் கூட்டம் ஒன்று அப்படியே நின்றுவிட்டதாம். அந்த மீன்களில் ஒன்றுகூட இதை மறுக்கவில்லை.

"வாங்கோ தங்கச்சி," என்றார். "என்ர கரையில ஒரு பொருள் துலையுறதெண்டால் அது எனக்குத்தான் அவமானம்."

"புதன்கிழமை தேடினது ஆர், அண்ணை?"

"முப்பது பேரும். நான்தான் தேடுவிச்சனான். தோணி, வாடி, மீன்பெட்டி, புஸ்பராணியின்ர மேசை, ஒண்டும் விடேல்லை. வடக்க அந்தத் தென்னை மட்டும், தெற்க ஹொட்டல் வேலி மட்டும் மணலைக் கிளறிப் பாத்தவங்கள்."

"நீங்க எங்க நிண்டீங்க?"

"நான் எங்க நிக்கிறது? நடுவிலதான். நான் ஒரு இடத்தில நிண்டாத்தானே அவங்களுக்கு வடக்கு எது தெற்கு எது எண்டு விளங்கும்?"

"அது சரிதான்." பரீதா வடக்குக் கயிற்றுப் பக்கம் திரும்பினார். "அங்க முன்னுக்கு நிக்கிற அந்த உயர்ந்த ஆள் ஆர், அண்ணை?"

"எல்லாம் என்ர பிள்ளையள்தான்," என்றார் மண்டாடி, கடலைப் பார்த்தபடி.

பரீதா நன்றி சொல்லிவிட்டு இருபது அடி தள்ளிப் போய் மணலில் உட்கார்ந்தார். றுவைஸ் ஏற்கனவே அங்கே இருந்தார். புஸ்பராணியின் தகரப் பெட்டி திறந்திருந்தது. கையில் ஓர் உளுந்து வடை.

"மேடம், ஒரு சந்தேகம். இந்த நடு ஓட்டை இருக்கே, இது வடையோ, வடை இல்லையோ?"

"ஓட்டை இல்லாட்டி அது உளுந்து வடை இல்லை."

"அப்ப ஓட்டையும் வடைதான்." றுவைஸ் கடித்தார், மென்றார், விழுங்கினார். கையை விரித்துக் காட்டினார். "வடை வயித்துக்குள்ள. ஓட்டை எங்க? அதைத் திண்டனானோ, விட்டிட்டனோ? விட்டிருந்தா இங்கதானே கிடக்கவேணும்?"

"பஸ்ஸில இருக்கக்குள்ளயும் இப்பிடித்தான் யோசிக்கிறனீங்களோ?"

"அப்பிடி யோசிச்சிருந்தா பஸ் முல்லைத்தீவில போய் நிண்டிருக்கும்."

 பரீதாவின் பார்வை குடையில் இருந்தது. முப்பது பேர் இழுக்கிறார்கள். இழுப்புக்குத் தலைவரோ கயிற்றைத் தொடுவதே இல்லை. அவரைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது. நடக்கிறதில் எதிலும் அவர் இல்லை. 'அவர் நடுவில் நின்றார்' என்று முப்பது பேரும் சாட்சி சொல்கிறார்கள். ஆனால் கயிறு பிடிக்கிறவன் கடலைப் பார்ப்பான், முன்னால் நிற்கிறவனின் முதுகைப் பார்ப்பான். நடுவை எவன் திரும்பிப் பார்க்கிறான்?

"வலை கோணுது," என்றாள் புஸ்பராணி.

மிதவைகளின் வளைவு வடக்குப் பக்கம் குறுகி, தெற்குப் பக்கம் தொய்ந்து கிடந்தது. வடக்குக் கயிறு முந்திவிட்டது. இப்படியே போனால் மடி சரியும். சரிந்தால் மீன் தெற்குப் பக்கத்தால் வெளியே போய்விடும். மண்டாடியின் கை தூங்கிக்கொண்டிருந்தது.

"நீரோட்டம்!" என்று தூரத்தில் ஸெய்னுதீன் கத்தினார்.

"நேற்றும் நீரோட்டம் எண்டுதான் சொன்னவை," என்றாள் புஸ்பராணி. "ஒரு வருசமா நூல் பிடிச்ச மாதிரி வந்த வலை. நேற்றிலயிருந்து இப்பிடி."

"நேற்றிலயிருந்து கடல் மாறேல்லை," என்றார் பரீதா. "உங்கட மகன் எங்க நிண்டு இழுக்கிறவன்?"

"வடக்குக் கயிற்றில முதல் ஆள். தண்ணிக்குள்ள நிப்பான். வாய் சும்மா இராது. 'ஓய்' எண்டு ஒருக்காக் கத்துவான், பிறகு 'ஓய் ஓய்' எண்டு ரெண்டு தரம். என்னத்துக்கடா கத்துறாய் எண்டு பேசியிருக்கிறன்."

"மண்டாடி கை காட்டின பிறகு அவன் கத்துவானோ, அவன் கத்தின பிறகு இவர் கை காட்டுவாரோ?"

  புஸ்பராணி மனதுக்குள் ஒரு வருடத்து வலையை இழுத்துப் பார்த்தாள்.

"அவன் கத்தின பிறகு," என்றாள் மெதுவாக.

பரீதா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். மூவரும் குடைக்குத் திரும்பி வந்தார்கள். பரீதா, பெட்டி திறக்கச் சொல்லும்போது சுங்கத்தில் பாவித்த குரலில் பேசினார். அது மிகவும் மரியாதையான குரல். அதற்குப் பயந்து ஒரு கப்பல் கப்டன் தன் கலியாண மோதிரத்தையே ஒப்படைத்திருக்கிறார்.

"அண்ணை, வாளிக்குள்ள ரெண்டு மட்டை. ஒண்டு சிவப்பு, ஒண்டு பச்சை. தடவிப் பாத்தா ரெண்டும் ஒண்டு. வெயில் எறிக்கிற நேரத்தில, கண் தெரிஞ்ச கள்ளன் ஒண்டைத்தான் எடுப்பான். இந்தக் கள்ளன் எதுக்கும் இருக்கட்டும் எண்டு ரெண்டையும் எடுத்திருக்கிறான்."

மண்டாடி கடலைப் பார்த்தபடி நின்றார். குறைந்தபட்சம், கடல் இருக்கிற பக்கத்தைப் பார்த்தபடி.

"கரை முழுக்கத் தேடினதாம். தேடச் சொன்னவர் நிண்ட இடத்தை மட்டும் ஒருத்தரும் தேடேல்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, அண்ணை."

"நான் தள்ளினா வலை குழம்பும், தங்கச்சி."

"வலை குழம்பிக் கால் மணித்தியாலம் ஆச்சு."

ஆனந்தராசா இரண்டு அடி தள்ளி நின்றார். றுவைஸ் வடைப் பெட்டியின் மூடியால் மணலை அள்ளினார். ஒரு முழ ஆழத்தில் சொப்பிங் பை ஒன்று வந்தது. உள்ளே சிவப்பு. உள்ளே பச்சை. றுவைஸ் பச்சையைப் பிரித்து வாசித்தார்.

"நானாவுக்குச் சீனி இருநூற்றி நாப்பது. இதை ஒளிச்சு வைச்சது நியாயம்தான்."

சிவப்பைப் புஸ்பராணி வாங்கிக்கொண்டாள். மகனுடைய படத்தைத் திறந்து பார்த்து, மூடி, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"கண்ணில வெள்ளை படர்ந்திட்டுது," என்றார் மண்டாடி, தாழ்ந்த குரலில். "ஒப்பரேசன் எண்டவை. கண்ணுக்குள்ள கத்தி எண்டா எனக்கு ஏலாது. பொடியனுக்கு மட்டும்தான் தெரியும். அவன்ர சத்தத்தை வைச்சுத்தான் ஒரு வருசமாக் கை காட்டுறன். அவன் போனா நான் இந்தக் குடைக்கு இன்னொரு கால், அவ்வளவுதான். அண்டைக்கு அவனே வந்து சொன்னவன், 'பாஸ்போட் வாளிக்குள்ள கிடக்கு, பாத்துக்கொள்ளுங்கோ' எண்டு. ஞாயிறு கழிய எடுத்து வாளிக்குள்ள போட்டிருப்பன். சத்தியமா."

"ஞாயிறு கழிஞ்சா அது பாஸ்போட் இல்லை, படக்கொப்பி," என்றார் றுவைஸ்.

புஸ்பராணி மண்டாடியை ஏசவேண்டும். ஏசுவதற்கு மூச்சும் எடுத்துவிட்டாள். இரண்டு நாள் பட்ட அவமானத்துக்கு வேண்டிய அளவு மூச்சு அது. அந்த நேரம் தெற்குப் பக்கத்தில் தண்ணீர் வெள்ளியாகக் கொதித்தது. கீரி மீன்கள் மிதவைக்கு மேலால் பாயத் தொடங்கிவிட்டன. முப்பது பேரும் கயிற்றோடு குடையைத் திரும்பிப் பார்த்தார்கள். மண்டாடியின் கை பாதி உயர்ந்து, எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

எடுத்த மூச்சைப் புஸ்பராணி வேறு விதமாகச் செலவழித்தாள்.

"வடக்க நிப்பாட்டு! நிப்பாட்டடா! தெற்க இழு, இழு! ஸெய்னுதீன் நானா, கதையை விட்டிட்டு இழுங்கோ!"

பதினொரு வருடமாகத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் அவளுக்குக் கடலைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருந்ததில்லை. யார் கத்தியது என்று யோசிக்கும் முன்னமே முப்பது பேரும் கீழ்ப்படிந்துவிட்டார்கள். மிதவைகள் மெல்ல நேரானதும் மண்டாடியின் கை, பழக்க தோசத்தில், தெற்கைக் காட்டியது.

இராகுலன் அப்போதுதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு மணலுக்குள் வந்தான். சேட் பொக்கற்றில் பொலிஸ் துண்டு. அம்மாவின் நெஞ்சில் சிவப்பு மட்டையைக் கண்டதும் நின்றான்.

"அப்ப நீங்கதான்," என்றான்.

புஸ்பராணி மண்டாடியைப் பார்த்தாள். முப்பது பேரும் கேட்கிற தூரத்தில் நின்றார்கள். ஒரு சொல் போதும். அந்தச் சொல்லோடு மனிதர் இந்தக் கரையில் நிற்க முடியாது.

"கிடைச்சிட்டுதுதானே," என்றாள். "இந்தா. கொண்டுபோ."

றுவைஸ் பரீதாவின் முழங்கையை இடித்தார். பரீதா அவரை ஒரு கையால் தடுத்தார். சில பெட்டிகளைச் சொந்தக்காரனே திறக்கவேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் விடவேண்டும் என்பது சுங்கச் சட்டத்தில் இல்லாத ஒரு விதி.

நேரம் அதிகம் பிடிக்கவில்லை. ஆனந்தராசா நாலு எட்டு முன்னால் வந்து, கையை நீட்டித் துழாவி, ஒரு கையைப் பிடித்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார். கரை முழுவதுக்கும் கேட்கும்படி, நாற்பது வருடம் வலைக்குக் கட்டளை கொடுத்த குரலில் சொன்னார்:

"தம்பி, எடுத்தது நான். கொம்மாவில ஒரு பிழையும் இல்லை. நீ போனா எனக்குக் கடல் தெரியாது எண்டு பயந்திட்டன். அவளைப் பிழையா நினையாதை. ஏசுறதெண்டா என்னை ஏசு."

கயிறு நின்றது. 

"அண்ணை," என்றார் றுவைஸ், கையை இழுக்க மனமில்லாமல், "நான் றுவைஸ். உங்கட ஆள் அந்தப் பக்கம் சைக்கிளோட நிக்கிறார்."

இதற்கு மேல் முப்பது பேருக்கும் ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. ஒருவரும் சிரிக்கவுமில்லை. சைக்கிள் மணலில் விழுந்த சத்தம் கேட்டது. இராகுலன் வந்து கிழவரின் தோள்களைப் பிடித்து மெதுவாகத் திருப்பினான். தன் பக்கம் அல்ல. அம்மாவுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினான். பிறகு தானும் அவருக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன் மாதிரி நின்றான்.

"இவருக்குக் கண் தெரியாது எண்டு எனக்குத் தெரியும், அம்மா. அதால இவர் எடுத்திருக்க மாட்டார் எண்டு நினைச்சிட்டன். மிஞ்சினது நீங்க. அதுதான்…"

"திங்கக்கிழமை கண் கிளினிக்," என்றார் பரீதா, மண்டாடியைப் பார்த்து. "றுவைஸ் கொண்டுபோவார். நீங்க வராட்டி நான் வருவன்."

மண்டாடி உடனே தலையாட்டினார். கத்தியா அந்தக் குரலா என்று வந்தால் கத்தி பரவாயில்லை.

இரண்டு பேரும் புஸ்பராணியின் வாயைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர் பார்க்க முடியாமல் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்தாள். கடலைப் பார்த்தாள்.

"மன்னிப்புப் பிறகு கேக்கலாம்," என்றாள். "முதல் வலையைக் கரையேத்துங்கோ. மீன் ஓடுது."

இராகுலன் கயிற்றின் ஒரு முழத்தை எடுத்து ஆனந்தராசாவின் கையில் வைத்தான். மண்டாடியாக வந்த பிறகு முதல் தடவையாக, அவரும் இழுத்தார்.